எந்த வருஷத்துப் பெட்டி?

அமெரிக்கச் சரக்கு ரயில் மாடல்களில் புதிதாக இறங்குகிறவர்கள் ஒரு பாக்ஸ் காரை (கூரையும் பக்கக் கதவும் உள்ள மூடிய சரக்குப் பெட்டி) கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது சரியா இருக்கா?" நானும் வழக்கமாக ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். உங்கள் ரயில் எந்த வருஷத்தில் ஓடுகிறது?

"நீராவி காலம்" என்று பதில் வரும். நீராவி காலம் என்பது "ராஜாக்கள் காலம்" என்பதைப் போல, அதில் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். 1905இல் மரச்சட்டத்தோடு ஓடிய பெட்டியும் நீராவி காலம்தான், 1950இல் முழுக்க எஃகில் ஓடிய பெட்டியும் நீராவி காலம்தான். இரண்டையும் ஒரே ரயிலில் கோத்து ஓட்டினால் யாரும் வந்து கைது செய்யப் போவதில்லை. ஆனால் துல்லியம் என்ற சொல்லை வாயில் எடுத்துவிட்டால் வருஷத்தைச் சொல்லியாக வேண்டும், முடிந்தால் மாதத்தையும். என்னுடையது 1947 அக்டோபர்.

ஏன் 1947? போர் முடிந்து இரண்டு வருஷம். போர்க்காலத்தில் இரவு பகலாக ஓடித் தேய்ந்த பெட்டிகளை ரயில்வேக்கள் இன்னும் முழுதாகக் கழித்துக் கட்டவில்லை, புதியவை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. முதல் உலகப் போரின்போது அரசு ரயில்வேக்களைக் கையில் எடுத்து யூஎஸ்ஆர்ஏ என்ற நிர்வாகத்தின் கீழ் ஏறத்தாழ 1 லட்சம் சரக்குப் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்ததே, அந்தக் கூட்டத்தில் வந்தவை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, ரயில்வேக்களின் சங்கம் பொதுவாக வகுத்துக் கொடுத்த 1932 வடிவமைப்பு, 1937 வடிவமைப்பு. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் எஃகை மிச்சப்படுத்தப் பக்கச்சுவருக்கு மரப்பலகை அடித்த அவசரகாலப் பெட்டிகள் (சரியாகக் காயாத மரம், ஓடத் தொடங்கிய பிறகு சுருங்கி இடைவெளி விட்டது, பல ரயில்வேக்கள் பின்னால் பலகையைக் கழற்றி எஃகுத் தகடு அடித்துக்கொண்டன). பெட்டி கட்டும் கம்பெனியான புல்மன்-ஸ்டாண்டர்டின் பிஎஸ்-1 பாக்ஸ் கார் அந்த வருஷம்தான் தொழிற்சாலையை விட்டு வருகிறது. இவ்வளவு வகையும் ஒரே ரயிலில் நிற்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் கட்சி.

வருஷத்தைப் பிடித்துவிட்டால் பாதி முடிவுகள் தானாகவே நடந்துவிடும். அமெரிக்காவில் ஒரு ரயில்வேயின் பெட்டி நாடு முழுக்க மற்ற ரயில்வேக்களின் தண்டவாளங்களில் சுற்றும். அதனால் எந்தப் பெட்டியை அடுத்தவன் ஏற்றுக்கொள்ள வேண்டும், எதைத் திருப்பி அனுப்பலாம் என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன, 1934 முதல் அதைக் கவனித்துக்கொண்டது ஏஏஆர் என்ற சங்கம். இந்த விதிகள்தான் மாடல் செய்கிறவனுக்குக் காலண்டர். பட்டை இரும்புகளை வளைத்து போல்ட் போட்டுச் சேர்த்த பழைய ஆர்ச்-பார் போகிகளை (போகி என்று இங்கே சொல்வது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை) 1940ஐ ஒட்டி அடுத்த ரயில்வேக்குள் அனுப்பக் கூடாது என்றாகிவிட்டது. ஆக, என் 1947இல் சுற்றி வரும் பாக்ஸ் காருக்கு அடியில் அது இருக்கக் கூடாது. பழைய கே வகை பிரேக்குக்குப் பதிலாக ஏபி வகை பிரேக், புதிய பெட்டிகளுக்கு 1933 முதல் கட்டாயம். ஆனால் பழையவற்றை மாற்றக் கொடுத்த கெடு தள்ளித் தள்ளி 1950களின் தொடக்கம் வரை போனது, எனவே 1947இல் இரண்டும் இருக்கலாம். கூரை மேல் ஆள் நடக்கிற பலகை பழையவற்றில் பெரும்பாலும் மரம், புதியவற்றில் இரும்புக் கிராதி.

கடைகளில் இன்றும் அதிகம் விற்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு. பீர், பாலாடைக்கட்டி, இறைச்சி கம்பெனிகளின் பெயரைப் பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதிய, மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும், ஐஸ் வைத்துக் குளிரூட்டும் சரக்குப் பெட்டிகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்த பெட்டியில் இப்படி விளம்பரம் எழுதுவதை ரயில்வேக்களைக் கட்டுப்படுத்திய அரசு ஆணையமான ஐசிசி 1934இல் தடுத்துவிட்டது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவை கிட்டத்தட்ட மறைந்தும் போயின. டீசல் என்ஜினுக்குப் பின்னால் அவற்றைப் பத்துப் பதினைந்து கோத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது நட்புக்கு நல்லது.

சரி, இப்போது ஒரே ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பென்சில்வேனியா ரயில்ரோட்டின் எக்ஸ்29. 1924இலிருந்து 1934 வரை கட்டினார்கள், கிட்டத்தட்ட 30,000. முழுக்க எஃகு, உள்நீளம் 40 அடி 6 அங்குலம், உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத, தட்டையான பழுப்பு டப்பா. இதற்கு இணையாக பால்டிமோர் அண்ட் ஒஹாயோவும் எம்-26 என்று கட்டியது. ஹெச்.ஓ. அளவில், அதாவது 1:87.1இல், இது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளம்.

உயரத்தை முதலில் கவனியுங்கள். 1937 வடிவமைப்பில் உள்ளுயரம் 10 அடி. எக்ஸ்29ஐவிட 17 அங்குலம் கூடுதல், மாடலில் இது 5 மில்லிமீட்டர் வித்தியாசம். ரயிலை எட்ட நின்று பார்க்கும்போது கூரைக் கோடு ஏறி இறங்கித் தெரிய வேண்டும். 1947 ரயிலின் அடையாளமே அந்த மேடு பள்ளம்தான் என்பேன். எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால், ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், மொத்த ரயில் பொய்யாகத் தெரியும்.

அடுத்து, "எக்ஸ்29" என்று ஒரே பொருள் கிடையாது. முதலில் வந்தவற்றுக்கு முன்பின் சுவர்கள் தட்டையான தகடு. 1932க்குப் பிறகு வந்த கடைசித் தொகுதிகளுக்கு டிரெட்நாட் என்ற மடிப்புத் தகடு. கதவும் அப்படியே: முன்னவற்றில் கிரேக்கோ, பின்னவற்றில் அலைமடிப்புள்ள யங்ஸ்டவுன். கே பிரேக்கோடு பிறந்து ஏபி பிரேக்குக்கு மாறியவை, மாறாதவை. இதற்கு மேல் துரு வேறு.

இந்தத் துருதான் எனக்குப் பிடித்த பகுதி. எஃகுச் சுவருக்கு உள்பக்கம் சரக்கு உரசாமல் இருக்க மரப்பலகை அடித்திருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஈரமும் குப்பையும் இறங்கிச் சேர்ந்து, சுவரின் அடிப்பகுதியை உள்ளிருந்தே தின்றுவிட்டது. ஓடி ஓடிப் பத்துப் பதினைந்து வருஷமான பெட்டிகளுக்கு, அரித்த பகுதியை மறைத்து அடிநீளம் முழுக்கப் பட்டைத் தகடு வைத்து ஒட்டுப் போட்டார்கள். 1940களின் படங்களில் இந்த ஒட்டு சர்வசாதாரணமாகத் தெரிகிறது. ஒட்டுப் போடாத எக்ஸ்29 எல்லோரிடமும் இருக்கிறது. ஒட்டுப் போட்டது ஒன்றாவது இருந்தால்தான் 1947 என்று நம்ப முடியும். ரெட் கபூஸ் என்ற மாடல் கம்பெனி வெளியிட்ட பிளாஸ்டிக் கிட் இந்தப் பெட்டிக்கு வந்த நல்ல மாடல்களில் ஒன்று. 1970களின் பழைய மாடலையும் கத்தியும் பொறுமையும் இருந்தால் தேற்றிவிடலாம், ஆனால் அதில் வார்ப்போடு சேர்ந்து வந்திருக்கும் கைப்பிடிகளை எல்லாம் சீவி எடுக்க வேண்டும்.

ஒட்டை எப்படிப் போடுவது? கடையில் கிடைக்கிற மிக மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் 0.13 மில்லிமீட்டர். கால் அங்குலத் தகட்டை 87ஆல் வகுத்தால் 0.07 வருகிறது. அதாவது நம்மிடம் இருக்கிற ஆக மெல்லிய தாளே நிஜத் தகட்டைப் போல இரண்டு மடங்கு தடிமன். நான் தாளை ஒட்டிய பிறகு நுண்ணிய உப்புத்தாளில் மேலாக இழைத்து ஓரத்தை மட்டும் மழுப்பிவிடுவேன், கண் பார்ப்பது ஓரத்தில் விழும் நிழலைத்தான், தடிமனை யாரும் அளக்கப் போவதில்லை. ரிவெட்டுக்கு ஆர்ச்சர் பெயரில் வந்த ரெசின் புள்ளிகள் இருக்கின்றன, டெகால் (எழுத்தும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படம்) மாதிரித் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி உட்காரவைக்கலாம். பெயின்ட் ஏறிய பிறகு அது ஒட்டவைத்த ரிவெட் என்று எனக்கே மறந்துவிடும். எத்தனை வரிசை, எவ்வளவு நெருக்கம் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மனக்கணக்கில் போட்டால் ரிவெட் எப்போதும் கூடுதலாகவே விழும்.

கைப்பிடிகள். நிஜத்தில் முக்கால் அங்குலக் கம்பி, ஹெச்.ஓ.வில் 0.22 மில்லிமீட்டர். பாஸ்பர் வெண்கலக் கம்பி 0.25லும் 0.3லும் கிடைக்கிறது. நான் 0.3 பயன்படுத்துகிறேன், 0.25 கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் கை பட்டால் வளைகிறது. ரயிலை ஓட்டப்போகிறவனுக்கும் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறவனுக்கும் இங்கே பாதை பிரியும். சக்கரத்திலும் இதே கதைதான்: வழக்கமான ஹெச்.ஓ. சக்கரத்தின் அகலம் 2.8 மில்லிமீட்டர், ஒல்லி வகை 2.2, கணக்குப்படி இருக்க வேண்டியது 1.7க்கும் கீழே. ஒல்லி வகையோடு நிறுத்திக்கொண்டேன். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் குண்டாகத் தெரியாது, தண்டவாளம் பிரியும் பாயின்ட்டில் இறங்கியும் விடாது. எக்ஸ்29க்குப் போகி 2டி-எஃப்8 என்ற பென்சில்வேனியாவின் சொந்த வகை, கிட்டோடு வரும் பொதுவான பெட்டன்டார்ஃப் போகியை அப்படியே மாட்டிவிட்டால் தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

சக்கரத்துக்குத் துரு நிறம் அடிக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 1947இல் சரக்குப் பெட்டிகளில் ரோலர் பேரிங் அபூர்வம். அச்சின் முனை எண்ணெயில் ஊறிய பஞ்சு நூல் அடைத்த பெட்டிக்குள் சுற்றியது, அந்த எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் படிந்து, மேலே தூசி அப்பி, கன்னங்கரேலென்று தார் பூசியது போல இறுகிவிடும். துருப்பிடித்த சக்கர முகம் பின்னால் ரோலர் பேரிங் வந்து எண்ணெய் நின்ற பிறகு பார்க்கிற காட்சி. கறுப்பும் பழுப்பும் கலந்து, லேசான மினுமினுப்போடு அடியுங்கள். தண்டவாளத்தில் உரசும் விளிம்பு மட்டும் பளபளவென்று இருக்கட்டும்.

எழுத்துகளுக்கு வருவோம். பென்சில்வேனியாவின் வட்டத்துக்குள் கீஸ்டோன் (வளைவின் உச்சிக்கல் வடிவம்) சின்னம் 1930களில் தொடங்கி 1954 வரை. அதற்குப் பிறகு நிழல் விழுந்த பெரிய கீஸ்டோன். ஆக நிழல் கீஸ்டோன் போட்ட பெட்டி என் ரயிலுக்குள் வர முடியாது, எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும். சின்னத்தைச் சரியாகப் பிடிக்கிற பலர் கோட்டை விடுவது எடை எழுதிய இடத்தில். காலிப் பெட்டியின் எடையைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடி நிறுத்து, எங்கே நிறுத்தார்கள் என்ற குறியீட்டோடும் மாதம் வருஷத்தோடும் பக்கச்சுவரில் எழுத வேண்டும். பழைய எண்ணின் மேல் ஒரு சதுரம் புதுப் பெயின்ட் அடித்து அதன் மேல் ஸ்டென்சில் வைப்பார்கள். அழுக்கேறிய சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று தெரியும். மாடலில் இதைக் கொண்டுவருவது சுலபம்: முதலில் பெட்டியை அழுக்காக்கிவிட்டு, அப்புறம் அந்த இடத்தில் மட்டும் மூல நிறத்தைத் தொட்டு, அதன் மேல் 1946 அல்லது 1947 தேதியுள்ள டெகாலை ஒட்ட வேண்டும். டெகால் தாளில் அந்தத் தேதி இருக்காது, தனித்தனி எண்ணாக வெட்டிச் சேர்க்க வேண்டும். பிரேக்கைச் சுத்தம் செய்த தேதி, அச்சுப்பெட்டிக்கு நூல் மாற்றிய தேதி என்று இன்னும் குட்டி எழுத்துகள் உண்டு, நிஜத்தில் ஓர் அங்குல எழுத்து என்றால் நமக்கு 0.3 மில்லிமீட்டர். படிக்க முடியாது. ஆனாலும் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது.

சான்டா ஃபே பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 1940க்குப் பிறகு ஒரு பக்கத்தில் அவர்களின் ரயில்பாதை வரைபடம், மறு பக்கத்தில் சீஃப், சூப்பர் சீஃப், எல் கேப்பிட்டன் என்று ஏதாவது ஒரு பயணிகள் ரயிலுக்கான விளம்பர வாசகம். இரண்டு பக்கமும் வரைபடம் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிறத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், ஆனாலும் பேசுவோம். தொழிற்சாலையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறம் சொல்ல முடியாது. பழைய ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, ஆக்சைடு சிவப்புப் பெட்டி அதில் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். நம் காலத்துக்கு நெருங்கிய வண்ணச் சாட்சி ஜாக் டெலானோ. போர்த் தகவல் அலுவலகத்துக்காக 1942 டிசம்பரிலும் அடுத்த வருஷமும் சிகாகோ யார்டுகளில் கோடக்குரோம் பிலிமில் அவர் எடுத்த படங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பெரிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்னின் யார்டை உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு, வரிசை வரிசையாகக் கூரைகள். அதைத் திரையில் முழுதாகப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பாருங்கள், வேறு பாடமே வேண்டாம். "பாக்ஸ் கார் சிவப்பு" என்று பாட்டிலில் விற்கும் அந்த ஒற்றை நிறத்தை அதில் தேடினால் கிடைக்காது. செங்கல், காபி, கறுத்த மரூன், புகை படிந்து எந்த நிறம் என்றே தெரியாதவை என்று அத்தனை இருக்கும். நிலக்கரிப் புகைக்குள் ஓடிய பெட்டிகள் அல்லவா, அழுக்கு என்பது அங்கே பெரும்பாலும் கரி. இன்றைய பெட்டிகளைப் பார்த்துவிட்டு ஆரஞ்சுத் துருவை வாரி இறைப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

கூரையில் இன்னொரு விஷயம். துத்தநாகம் பூசிய தகட்டில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, சில வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து உள்ளே இருக்கும் சாம்பல் வெள்ளி நிறம் தெரியத் தொடங்கும். பல 1937 வகைப் பெட்டிகளின் கூரை இப்படித்தான் பாதி பழுப்பு, பாதி வெள்ளியாக இருந்தது. முதலில் சாம்பல் கலந்த வெள்ளி நிறம் அடித்துக் காயவைத்து, மேலே ஹேர்ஸ்பிரே ஒரு பூச்சு, அதன் மேல் அக்ரிலிக் பழுப்பு, கடைசியாக ஈரத் தூரிகையால் அங்கங்கே தட்டி எடுத்தால் உரிந்த செதில் அப்படியே வரும். நம் மாடல்களை எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம் என்பதால் பக்கச்சுவருக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியாவது கூரைக்குக் கொடுக்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தவறான கூட்டத்தில் நின்றால் எல்லாம் வீண். பாக்ஸ் கார்கள் எங்கு சரக்கு இருக்கிறதோ அங்கு போகும், சொந்த ஊர் திரும்ப மாதக்கணக்கு ஆகும், அதுவரை வைத்திருக்கிறவன் தினவாடகை கட்டுவான். அந்தக் கால ரயில் கார்டுகளின் (ரயிலோடு போகும் பொறுப்பாளர்கள்) குறிப்பேடுகளில் ஒவ்வொரு ரயிலிலும் எந்தெந்த எண்ணுள்ள பெட்டி போனது என்று எழுதியிருப்பார்கள், அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: ஊர் எதுவானாலும், ரயிலில் வந்த வெளியூர் பாக்ஸ் கார்களின் விகிதம் தேசம் முழுக்க யார் எத்தனை பெட்டி வைத்திருந்தார்கள் என்ற விகிதத்தை ஏறத்தாழ ஒத்திருக்கிறது. நிலக்கரி ஏற்றும் ஹாப்பர் பெட்டி அப்படியில்லை, அது சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் தன் பாதையிலேயே சுற்றும். பெட்டிகள் அதிகம் வைத்திருந்தவர்கள் பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும். அதனால் நீங்கள் செய்வது கலிஃபோர்னியாவோ கான்சாஸோ, 20 பாக்ஸ் கார் உள்ள ரயில் என்றால் பென்சில்வேனியா பெட்டி ஒன்றிரண்டாவது அதில் இருந்தாக வேண்டும், அதில் ஒன்று எக்ஸ்29ஆக இருப்பதுதான் நியாயம். அழகான பெயருள்ள குட்டி ரயில்வேக்களின் பெட்டிகளை ஆசை ஆசையாக வாங்கி, இந்தப் பழுப்பு டப்பாவை விட்டுவிட்டால் ரயில் பொருட்காட்சி மாதிரி ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த ரயில்வே எக்விப்மென்ட் ரிஜிஸ்டரில் எந்த ரயில்வேக்கு எந்த எண் தொடரில் எத்தனை பெட்டி, என்ன உயரம் என்பதெல்லாம் இருக்கும், ஸ்கேன் பிரதி ஒன்று கையில் இருந்தால் கடைக்குப் போகும் முன் அதைப் பாருங்கள், பர்ஸ் நன்றி சொல்லும்.

எடையை மறக்க வேண்டாம். அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி ஹெச்.ஓ. பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். ரெசின் கிட்டுகளில் அடிப்பாகத்தை ஒட்டி மூடும் முன்பே எடையை உள்ளே வைத்துவிடுங்கள், மூடிய பிறகு திறக்க வழியில்லை. சென்னை மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் லாக்கர் பெயின்ட் ஏர்பிரஷ் செய்தால் மேற்பரப்பு வெளுத்துப் போகும், மழை நாளில் அந்த வேலையைத் தொடாமல் கைப்பிடி வளைக்கலாம். எக்ஸ்29க்கு அடுத்து என் மேசையில் இருப்பது பக்கச்சுவரில் ஓர் அடுக்குப் பலகை மட்டும் உள்ள யூஎஸ்ஆர்ஏ பெட்டி, பென்சில்வேனியா அதை எக்ஸ்26 என்று அழைத்தது. அதில் பலகைக் கோடுகள் பாதி வார்ப்பிலேயே மங்கியிருக்கின்றன, முதலில் அதை ஒவ்வொன்றாகக் கீற வேண்டும்.